பவானிசாகர், குளம், கிணறு: ஜிக் ஹெட் வாங்கும்போது முள்ளை எப்படிப் பார்த்து எடுப்பது?

புஞ்சைத்தூண்டில்

எல்லாருக்கும் வணக்கம்ங்க. நான் புளியம்பட்டிப் பக்கம். மூங்கில் குச்சி, தக்கை, மண்புழு என்று ஜிலேபியும் கெளுத்தியும் பிடித்தே வளர்ந்தவன். இப்போது 7 அடி ஸ்பின்னிங் ராடும் ரீலும் வாங்கியாச்சு. மீடியம் பவர், 20 பவுண்டு பிரெய்டு (பின்னல் நரம்பு) சுற்றியிருக்கிறேன். அமெரிக்காவில் பாஸ் மீனுக்கு ஜிக் போடுகிற வீடியோக்களைப் பார்த்ததிலிருந்து ரப்பர் மீனை ஜிக் ஹெட்டில், அதாவது ஈயத் தலை வார்த்த முள்ளில், மாட்டி அடியில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

ஆன்லைனில் 100 ஜிக் ஹெட் உள்ள டப்பா ஒன்று மலிவாக வருகிறது. எல்லாம் உருண்டைத் தலை, எடை 3 கிராமிலிருந்து 14 கிராம் வரை. ஈரோட்டில் ஒரு கடையில் கேட்டால் அஞ்சு உருப்படி உள்ள பாக்கெட்டுக்கே கிட்டத்தட்ட அந்த டப்பாவில் பாதி விலை சொல்கிறார்கள். அப்படி என்ன வித்தியாசம் இருக்கிறது என்று கடைக்காரருக்கும் சொல்லத் தெரியவில்லை. நான் போடப்போகிற இடம் மூன்று: சொந்தக்காரர் குத்தகைக்கு எடுத்திருக்கிற குளம் (விரால் உண்டு, பாதிக் குளம் ஆகாயத்தாமரை), பவானிசாகர் அணைக்கட்டில் அனுமதி இருக்கிற பக்கம், அப்புறம் மாமனார் தோட்டத்துக் கிணறு. எதைப் பார்த்து வாங்குவது, எந்த எடை, எந்த அளவு முள்? விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

டெக்சாஸ்_கோபிக்காரன்

தம்பி, நான் கோபிச்செட்டிபாளையம், வேலைக்காக டெக்சாஸில் இருக்கிறேன். வாரக் கடைசியில் பாஸ் பிடிக்கப் போவது வழக்கம், அதனால் நீங்கள் வீடியோவில் பார்த்ததன் காரண காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால்தான் நம் ஊர்த் தண்ணீருக்கு எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்று தெரியும்.

லார்ஜ்மவுத் பாஸ் இரையைத் துரத்திக் கடித்துக் கிழிக்கிற மீன் கிடையாது. வாயைச் சட்டென்று அகலத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சிவிடும், பிடிக்காவிட்டால் அதே வேகத்தில் துப்பிவிடும். பெரும்பாலும் ஜிக் அடிக்கு விழுந்துகொண்டிருக்கும்போதே எடுத்துவிடும், நமக்குக் கையில் ஒரு சின்னத் தட்டல் மட்டும்தான் தெரியும். அதனால் இங்கே எடை பார்ப்பதே விழும் வேகத்துக்காகத்தான். தூரம் போவது அடுத்த விஷயம். தண்ணீர் குளிர்ந்து மீன் மந்தமாக இருந்தால் லேசான தலை, மெதுவாக விழ வேண்டும். ஆழமும் காற்றும் இருந்தால் கனமான தலை, இல்லையென்றால் அடியைத் தொட்டதே கைக்குத் தெரியாது.

தலையின் வடிவம் அடித்தளத்தைப் பொறுத்தது. பாறையும் கூழாங்கல்லும் என்றால் ஃபுட்பால் தலை: பக்கவாட்டில் அகலமாக இருப்பதால் சந்துக்குள் எளிதில் இறங்கி மாட்டாது, கல்லில் இடித்ததும் முன்னால் சாய்ந்து வால் மேலே எழும், அடியில் ஊர்கிற நண்டு மாதிரி தெரியும். புல்லும் செடியும் என்றால் மூக்குக் கூர்மையான தலை, நரம்பு கட்டும் கண் மூக்கு நுனியிலேயே இருக்கும், செடியைப் பிளந்துகொண்டு வரும். மரக்கிளை, வேர் என்றால் ஆர்க்கி என்று ஒரு சப்பைத் தலை, முன்னால் நார்க்கற்றை வைத்த தடுப்போடு வரும். உருண்டைத் தலை வெட்டவெளித் தண்ணீருக்கு நல்லது, செடிக்குள்ளும் பாறைச் சந்திலும் முதலில் மாட்டுவதும் அதுதான். உங்கள் 100 உருப்படி டப்பாவில் எல்லாமே உருண்டை என்கிறீர்கள், அதை நினைவில் வையுங்கள்.

கண்ணின் கோணமும் முக்கியம். 90 டிகிரி என்றால் ஜிக் கிடையாகத் தொங்கும், நேர் கீழே இறக்கி ஏற்றுவதற்குத் தோது. 60 டிகிரி பொதுவான வேலைக்கு. 30ஐ ஒட்டி இருந்தால் செடிக்குள் நீந்தி வரும்.

கூடுதுறை

கோபிக்காரர் தலையைப் பற்றி நன்றாகச் சொல்லிவிட்டார். ஆனால் என் பார்வையில் காசு போக வேண்டியது தலைக்கு இல்லை, முள்ளுக்கு. ஈயம் எந்த வடிவத்தில் இருந்தாலும் தண்ணீருக்குள் இறங்கும். மீனைக் கரைக்குக் கொண்டுவருவது முள் ஒன்றுதான். மலிவு டப்பாவில் அவர்கள் மிச்சம் பிடிப்பதும் அந்த முள்ளில்தான்.

பவானியில் காவேரிக்கரையில் தூண்டில் போடுகிறவன் நான், எனக்கு முந்தைய தலைமுறையிலிருந்தே கடையில் முள் வாங்கும்போது பார்க்கிற முறை ஒன்று உண்டு. முள்முனையைக் கட்டைவிரல் நகத்தின் மேல் லேசாக வைத்து, அழுத்தாமல் இழுக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் மொட்டை. நகத்தில் பதிந்து நின்றுவிட்டால் கூர். ஒரு பாக்கெட்டில் ஒன்றை மட்டும் பார்க்காமல் இரண்டு மூன்றைப் பார்க்க வேண்டும். நல்ல கம்பெனி முள்ளில் எல்லாம் ஒரே மாதிரி நிற்கும். மலிவில் ஒன்று நிற்கும், இரண்டு வழுக்கும்.

அடுத்து இரும்பின் குணம். குறட்டில் முள்ளின் தண்டைப் பிடித்து, முனைப்பக்கத்தை இன்னொரு குறட்டால் கொஞ்சம் விரித்து விடுங்கள். நல்ல முள் கொஞ்சம் வளைந்து கொடுத்துப் பழைய இடத்துக்கே வந்துவிடும். விரித்தது விரித்தபடியே நின்றால் இரும்பு மெத்தென்று இருக்கிறது, பெரிய மீனுக்கு நிமிர்ந்துவிடும். படக்கென்று ஒடிந்தால் பதம் தப்பிப்போன முள். கடையில் இதைச் செய்ய விடமாட்டார்கள், வாங்கி வந்து வீட்டில் ஒன்றைப் பலி கொடுத்துப் பார்க்கலாம். கண்ணுக்கு ஒரு கண்ணாடி போட்டுப் பார்த்துக்கொண்டு செய்யுங்கள், ஒடிகிற துண்டு தெறிக்கும்.

மூன்றாவது, முனைக்குப் பின்னால் இருக்கிற பார்ப், அதாவது எதிர்முள். அது பெரிதாக நீட்டிக்கொண்டு இருந்தால் பலம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். பெரிய பார்ப் உள்ளே இறங்கவே மாட்டேன் என்று அடம் பிடிக்கும், அதை இறக்க இரண்டு மடங்கு வேகத்தில் சுண்ட வேண்டும். சின்னதாக, ஒட்டினாற்போல இருப்பதே போதும்.

நொய்யல்கரை

@கூடுதுறை ஐயா சொல்வது சரிதான், ஆனால் பவானிசாகரில் நிலைமை வேறு. தண்ணீர் இறங்கியிருக்கிற காலத்தில் போய்ப் பாருங்கள், அடிமரக்கட்டையும் பாறையும் எப்படிக் கிடக்கிறது என்று. விலை உயர்ந்த ஜிக் ஹெட்டைப் போட்டுவிட்டு ஒவ்வொன்றாக அறுத்துவிட்டு வர எத்தனை பேருக்கு மனசு வரும்? அறுந்துவிடுமோ என்ற பயத்தில் அடியைத் தொடவிடாமல் பாதித் தண்ணீரிலேயே இழுத்துக்கொண்டு வருகிறவர்களைத்தான் அங்கே நிறையப் பார்க்கிறேன். அடியில் போடத்தானே ஜிக்? அதனால் கொஞ்சம் மலிவாக, நிறைய வைத்திருப்பதிலும் நியாயம் இருக்கிறது.

ஒரு வழி இருக்கிறது. செபுராஷ்கா என்று ரஷ்யப் பக்கம் புழங்குகிற முறை. தலை தனி, முள் தனி. ஈய உருண்டையின் நடுவில் ஒரு கம்பிக் கொண்டி போகும், அதை உருவி நமக்குப் பிடித்த முள்ளைக் கோத்துத் திரும்பச் செருகிவிடலாம். தலையை மலிவாக வாங்கிக்கொள்ளலாம், முள்ளை மட்டும் நல்ல கம்பெனியில் எடுக்கலாம். முள் மழுங்கினால் முள்ளை மட்டும் மாற்றலாம். முள்ளும் தலையும் மூட்டு மாதிரி அசைவதால் ரப்பர் மீன் அடியில் தளர்ந்து ஆடும். அதோடு ஆஃப்செட் முள்ளை (கண்ணுக்குக் கீழே தண்டு மடிந்திருக்கிற முள்) மாட்டி முனையை ரப்பருக்குள் புதைத்துவிட்டால் கட்டையில் மாட்டுவதும் பாதியாகக் குறைந்துவிடும். அணைக்கட்டுக்கு நான் இப்போது இதைத் தவிர வேறு எதுவும் எடுத்துப் போவதில்லை.

வார்ப்படப்பட்டறை

கோயம்புத்தூர், கணபதிப் பக்கம் ஃபவுண்டரி வேலை. என் ஜிக் ஹெட்டுகளை நானே ஊற்றிக்கொள்கிறேன், அதனால் உலோக விஷயத்தில் கொஞ்சம் சொல்லலாம்.

ஈயம் ஏன் எல்லாரும் பயன்படுத்துகிறார்கள் என்றால் 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், எந்த வடிவத்திலும் சுலபமாக நிற்கும், ஒரு கன சென்டிமீட்டர் 11.3 கிராம் வரும். டங்ஸ்டன் ஒரு கன சென்டிமீட்டர் 19 கிராமுக்கு மேல். அதனால் அதே எடைக்குத் தலை பொடிசாகிவிடும், சந்துகளில் மாட்டுவது குறையும், கெட்டியாக இருப்பதால் அடியில் கல்லா சேறா என்பது பிரெய்டு வழியாகக் கைக்குத் தெளிவாகத் தெரியும். ஆனால் அது உருக 3,400 டிகிரிக்கு மேல் வேண்டும், எந்த ஜிக் கம்பெனியும் அதை உருக்கி முள்ளைச் சுற்றி ஊற்றுவது கிடையாது. பொடியை அழுத்திச் சுட்டு எடுப்பார்கள். லேத் பட்டறையில் கார்பைடு டிப் பார்த்திருப்பீர்களே, அதுவும் டங்ஸ்டனை வைத்து இதே வழியில் செய்வதுதான். அப்படியானால் முள்ளைத் தனியாகத் துளைக்குள் வைத்து ஒட்டவோ பற்றவைக்கவோ வேண்டும். டங்ஸ்டன் ஜிக் வாங்கும்போது பார்க்க வேண்டிய இடம் அந்த இணைப்புதான். தலையை ஒரு கையிலும் முள்ளை இன்னொரு கையிலும் பிடித்து முறுக்கிப் பாருங்கள், துளி அசைந்தாலும் வாங்காதீர்கள்.

ஈய ஜிக்கில் பார்க்க வேண்டியது: முள்ளின் தண்டு தலைக்கு நேர் நடுவில் இறங்குகிறதா, அச்சு இரண்டு பாதியும் சரியாகப் பொருந்தாமல் விளிம்பில் பிசிறு நிற்கிறதா, கண் முழுசாக மூடியிருக்கிறதா. கண்ணில் சின்ன இடைவெளி இருந்தால் பிரெய்டு அதில் போய் உட்கார்ந்து அறுந்துவிடும், அப்புறம் நாம் நரம்பைத் திட்டிக்கொண்டிருப்போம். பெயிண்ட் கண்ணை அடைத்திருந்தால் அது ஒன்றும் பெரிய குறை இல்லை, வேறு ஒரு முள்ளின் முனையால் குத்தி எடுத்துவிடலாம். தலைக்குப் பின்னால் ரப்பரைப் பிடித்து நிறுத்துகிற கழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லையென்றால் இரண்டு தடவை வீசுவதற்குள் ரப்பர் கீழே சரிந்துவிடும்.

சொந்தமாக ஊற்ற நினைக்கிறவர்களுக்கு. தயவுசெய்து வீட்டு அடுப்படியில் செய்யாதீர்கள், சமைக்கிற பாத்திரத்தில் செய்யவே செய்யாதீர்கள். காற்றோட்டமான வெளியில், குழந்தைகள் இல்லாத இடத்தில் மட்டும். அச்சிலோ ஈயத்திலோ ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் அது நொடியில் ஆவியாகி உருகிய ஈயத்தை முகத்தில் அடிக்கும். பழைய பேட்டரியை உடைத்து எடுத்த ஈயம் வேண்டவே வேண்டாம், அதில் ஆசிடும் வேறு நச்சுச் சரக்குகளும் கலந்திருக்கும்.

அமராவதி_அக்கா

பட்டறை அண்ணன் ஈயத்தைப் பற்றிச் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நரம்பில் ஈயக்குண்டைப் பல்லால் கடித்து இறுக்குகிற பழக்கம் உடுமலைப் பக்கம் இன்னும் இருக்கிறது, சின்னப் பசங்களும் பெரியவர்களைப் பார்த்து அப்படியே செய்கிறார்கள். ஈயம் உடம்பில் சேர்ந்தால் சுலபத்தில் வெளியேறாது, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத்தான் முதலில் பாதிக்கும். ஒரு சின்னக் குறடு போதும். ஜிக்கைத் தொட்ட கையோடு தீனி எடுத்துச் சாப்பிடவும் கூடாது. இங்கிலாந்தில் அன்னப்பறவைகள் ஈயக்குண்டை விழுங்கிச் செத்ததால் 28 கிராம் வரைக்குமான பெரும்பாலான தூண்டில் ஈயங்களுக்கு 1987லேயே தடை போட்டுவிட்டார்கள். நம் குளங்களில் நாரையும் நீர்க்கோழியும் எத்தனை இருக்கின்றன என்று சூலூர்க் குளத்துப் பக்கம் போகிறவர்களுக்குத் தெரியும். அறுந்த நரம்பையும் கரையில் விட்டுவிட்டு வராதீர்கள்.

இப்போது விரால் விஷயம். புஞ்சைத்தூண்டில் தம்பி, உங்கள் குளத்துக்குப் பாஸ் ஜிக்கை அப்படியே கொண்டுபோக முடியாது. விராலுக்கு வாய் எலும்பும் பல்லுமாக இருக்கும், மெல்லிய கம்பி முள் அதில் இறங்காது, இறங்கினாலும் வளைந்துவிடும். மீன் செடிக்கடியில் நிற்கும், காற்றுக்காக மேலே வந்து போகும். நிறையப் பேர் ரப்பர்த் தவளையை மேலே இழுப்பது அதனால்தான். ஆனால் வெயில் ஏறியபின், தவளையை முட்டிவிட்டு வாயில் வாங்காமல் போகிற நேரத்தில், ரப்பர் மீன் நல்ல வேலை செய்யும். அதற்குத் தலையில் ஈயம் வைத்த ஜிக் வேண்டாம். வயிற்றில் ஈயம் வைத்த ஆஃப்செட் முள் என்று கேளுங்கள், முள்ளின் தண்டிலேயே 3 முதல் 5 கிராம் ஈயம் சேர்த்திருக்கும். முனை ரப்பரின் முதுகில் புதைந்திருக்கும், ஆகாயத்தாமரை ஓரத்திலும் நடுவில் இருக்கிற ஓட்டைகளிலும் கிடையாக, மெதுவாக இறங்கும். செடிக்கு நட்ட நடுவில் வீசாதீர்கள், உங்கள் 20 பவுண்டு நரம்பு அதிலிருந்து விராலை இழுத்து வெளியே கொண்டுவராது. நடுவில் போட வேண்டுமென்றால் மீடியம் ஹெவி ராடும் 40 பவுண்டு பிரெய்டும் வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. குளத்தில் செக்கச்செவேல் என்று விரால் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து வந்து மூச்சு வாங்கிப்போவதைப் பார்த்தால், கீழே தாய் தகப்பன் காவல் நிற்கிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் எதைப் போட்டாலும் கோபத்தில் வந்து அடிக்கும், பிடிப்பது ரொம்ப சுலபம். பிடிக்காதீர்கள். பெரியதை எடுத்துவிட்டால் அந்தக் குஞ்சுக் கூட்டம் முழுசும் மற்ற மீன்களுக்குத் தீனி. குத்தகைக்காரர் உங்கள் சொந்தக்காரர் என்பதால் அவருக்கும் இதில் லாபம்தான், எடுத்துச் சொல்லுங்கள்.

அமராவதி அணைக்குப் போகலாமா என்று யாராவது கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். அங்கே முதலை உண்டு, பக்கத்திலேயே முதலைப் பண்ணையே இருக்கிறது. மாட்டிய ஜிக்கை எடுக்கிறேன் என்று தண்ணீரில் காலை வைக்க வேண்டாம்.

புஞ்சைத்தூண்டில்

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. அக்கா, விரால் குஞ்சு விஷயம் சொந்தக்காரரிடம் கட்டாயம் சொல்கிறேன். முள் அளவுதான் இன்னும் குழப்பம். 6, 4, 2, 1 என்று ஒரு கணக்கு, 1/0, 2/0, 3/0 என்று இன்னொரு கணக்கு. ஒரு பாக்கெட்டில் 3/0 என்று போட்டிருப்பது இன்னொரு கம்பெனியில் 2/0 அளவுக்குத்தான் இருக்கிறது. அப்புறம் மெல்லிய கம்பி, கனத்த கம்பி என்று சொன்னீர்களே, என் ராடுக்கு எது?

டெக்சாஸ்_கோபிக்காரன்

அளவைப் பற்றி: 1ஐ நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். வெறும் எண்ணாக இருந்தால் எண் கூடக்கூட முள் சின்னதாகும், 6ஐவிட 2 பெரியது. சைபர் சேர்ந்துவிட்டால் தலைகீழ், 1/0ஐவிட 3/0 பெரியது. கம்பெனிக்குக் கம்பெனி மாறுவதும் உண்மை, எல்லாருக்கும் பொதுவான அளவு என்று ஒன்று கிடையாது. அதனால் எண்ணை வைத்து வாங்காமல் ரப்பரைக் கடைக்கு எடுத்துப்போய் முள்ளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பார்க்க வேண்டியது தண்டுக்கும் முனைக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி. ரப்பரின் உடம்புத் தடிமன் அந்த இடைவெளியில் பாதியை அடைத்துவிட்டால், மீன் கடிக்கும்போது ரப்பர் சுருங்கி முனை வெளியே வர இடமே இருக்காது. தடித்த ரப்பருக்கு வாய் அகன்ற ஆஃப்செட், ஒல்லியான ரப்பருக்குச் சாதாரண வளைவு. உத்தேசமாகச் சொன்னால் 3 அங்குல ரப்பருக்கு 1/0 அல்லது 2/0, 4 அங்குலத்துக்கு 3/0 அல்லது 4/0.

கம்பி விஷயத்தில் ஒரே கணக்குதான்: முள், நரம்பு, ராடு மூன்றும் ஒரு ஜோடனையாக இருக்க வேண்டும். கனத்த கம்பி முள்ளை மீனின் வாயில் இறக்க விறைப்பான ராடும் தடித்த பிரெய்டும் வேண்டும். உங்கள் மீடியம் ராடு சுண்டும்போது வளைந்துவிடும், கனத்த 5/0 முள் பார்ப் வரைக்கும் இறங்கவே இறங்காது, மீன் கொஞ்ச தூரம் வந்து வாயைத் திறந்து விட்டுவிட்டுப் போய்விடும். அதே மாதிரி, மெல்லிய கம்பி முள்ளை 50 பவுண்டு பிரெய்டில் கட்டிப் பலமாகச் சுண்டினால் முள் நிமிர்ந்துவிடும். இங்கே லேக் ஃபோர்க் என்று ஒரு ஏரி, டெக்சாஸ் மாநிலச் சாதனை பாஸ் 1992ல் 18.18 பவுண்டில் அங்கேதான் கிடைத்தது. ஏரி முழுக்க நட்டுக்க நிற்கிற பட்டமரம். அங்கே போகிறவர்கள் கனத்த முள் எடுத்துப்போனால் ராடும் அதற்கேற்ற மாதிரிதான் எடுத்துப்போவார்கள். உங்கள் சாமானுக்கு நடுத்தரக் கம்பி, 2/0 அல்லது 3/0. அது போதும்.

கூடுதுறை

கம்பெனி எது என்று யாரும் கேட்கவில்லை, ஆனால் கேட்பார்கள். நார்வேயின் முஸ்டாட் 1832லிருந்து இருக்கிற கம்பெனி, காவேரிக்கரையில் பழைய ஆட்களுக்கும் தெரிந்த பெயர். ஜப்பானில் காமகாட்சு, ஓனர் இரண்டும் முனைக் கூருக்குப் பெயர் போனவை. பிரான்ஸின் விஎம்சி. இவை எல்லாவற்றிலும் மலிவு ரகமும் உண்டு, உயர்ந்த ரகமும் உண்டு, பெயரை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். பிரபலமான பெயரைப் போட்ட போலிப் பாக்கெட்டுகளும் சந்தையில் வருகின்றன. அச்சு மங்கலாக இருப்பது, எழுத்துப் பிழை, முள்ளின் கருப்புப் பூச்சு கையில் ஒட்டுவது, இதெல்லாம் அடையாளம். நகத்தில் இழுத்துப் பார்க்கிற சோதனை எல்லாவற்றுக்கும் பொது.

பாக்கெட்டில் கெமிக்கலி ஷார்ப்பன்ட் என்று போட்டிருந்தால், முனையை அமிலக் கரைசலில் முக்கி மேல்பரப்பைக் கரைத்துக் கூராக்கியது என்று பொருள். நல்ல கூர்தான், ஆனால் முனை ரொம்ப மெல்லியது, பாறையில் இரண்டு தடவை உரசினால் நுனி மடங்கிவிடும். அதனால் அணைக்கட்டில் ஒவ்வொரு தடவை கல்லில் மாட்டி விடுபட்டு வந்ததும் நகத்தில் ஒரு முறை வைத்துப் பார்த்துவிட்டு அடுத்த வீச்சு வீசுங்கள்.

ஹை கார்பன் எஃகு முள் கூராகவும் பலமாகவும் இருக்கும், ஆனால் துருப்பிடிக்கும். துருப்பிடிக்காத எவர்சில்வர் முள் கடலுக்குச் சரி, நம் ஆற்றுக்கும் குளத்துக்கும் அது தேவையில்லை. அதே கனத்தில் ஹை கார்பனைவிட மெத்து. அறுந்துபோய் மீன் வாயிலேயே தங்கிவிட்டாலும் ஹை கார்பன் காலப்போக்கில் துருப்பிடித்து உதிரும், எவர்சில்வர் அவ்வளவு சீக்கிரம் போகாது.

நொய்யல்கரை

துருவுக்கு ஒரு சின்ன யோசனை. நனைந்த ரப்பரையும் ஜிக்கையும் அப்படியே டப்பாவில் போட்டு மூடுவதால்தான் மொத்த டப்பாவும் துருப்பிடிக்கிறது, ஈரமான ஒன்று போதும். வீட்டுக்கு வந்ததும் துடைத்து ஒரு ராத்திரி காற்றாட வையுங்கள். திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், பனியன் கம்பெனிகளில் ஏற்றுமதி அட்டைப்பெட்டிக்குள் போடுகிற சிலிக்கா ஜெல் பொட்டலம் எங்கே பார்த்தாலும் கிடைக்கும். டப்பாவுக்கு இரண்டு பொட்டலம் போட்டு வையுங்கள்.

வார்ப்படப்பட்டறை

கிணற்றைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. நம் பக்கத்துத் தோட்டக் கிணறு பாறை வெட்டிய கிணறு, மேலே நின்று நேர் கீழே பார்க்கிறோம். வீசுவதே கிடையாது, இறக்கி ஏற்றுவது மட்டும்தான். அந்த 100 உருப்படி டப்பாவில் இருக்கிற உருண்டைத் தலை பொருந்துகிற ஒரே இடம் உங்கள் மாமனார் கிணறு. கண் 90 டிகிரியில் இருப்பதாகப் பார்த்து எடுங்கள், ரப்பர் கிடையாகத் தொங்கும். முடிச்சு கண்ணின் நேர் மேல்புறத்தில் நிற்க வேண்டும், முன்னாலோ பின்னாலோ நகர்ந்தால் ரப்பர் ஒரு பக்கம் சாய்ந்து தொங்கும், ஒவ்வொரு இழுப்புக்குப் பின்னும் விரலால் நகர்த்திச் சரிசெய்துகொள்ளுங்கள். விராலுக்கு 7 கிராம், ஜிலேபிக்கு என்றால் 3 கிராமுக்கும் கீழே, 6ஆம் எண் முள், ஒன்றரை அங்குல ரப்பர். ஜிலேபிக்கு வாய் சின்னது, பெரிய முள்ளை முட்டிவிட்டுப் போய்விடும்.

கிணற்றில் மீன் மாட்டுவது பெரிய விஷயமில்லை, மேலே கொண்டுவருவதுதான் பாடு. தண்ணீரை விட்டு வெளியே வந்ததும் மீனின் முழு எடையும் முள்ளில் தொங்கும், துள்ளினால் வாய் கிழிந்து போய்விடும். ராடைத் தூக்கி மீனை இழுக்காதீர்கள். கயிற்றில் ஒரு கூடையை இறக்கி, மீனை அதற்குள் ஓட்டிக் கூடையோடு தூக்குங்கள். இரண்டு பேர் இருந்தால்தான் முடியும்.

புஞ்சைத்தூண்டில்

கூடை யோசனை எனக்குத் தோன்றவே இல்லைங்க அண்ணா. சரி, நான் வாங்கப்போவதை எழுதுகிறேன், தப்பு இருந்தால் சொல்லுங்கள். 100 உருப்படி டப்பா வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அணைக்கட்டுக்கு செபுராஷ்கா தலை 10 கிராமிலும் 14 கிராமிலும், கூடவே நல்ல ஆஃப்செட் முள் 3/0 ஒரு பாக்கெட். குளத்துக்கு வயிற்று ஈயம் வைத்த முள் 3/0, 5 கிராம். கிணற்றுக்கு 90 டிகிரி உருண்டைத் தலை 7 கிராமில் ஒரு பாக்கெட், 3 கிராமுக்குக் கீழே ஒரு பாக்கெட். ரப்பர் மீன் 3 அங்குலமும் 4 அங்குலமும், ஜிலேபிக்கு ஒன்றரை அங்குலத்தில் கொஞ்சம். தவிர பவானிசாகரில் அனுமதி பற்றி ஒரு சந்தேகம், கரையிலிருந்து தூண்டில் போட யாரைக் கேட்பது?

அமராவதி_அக்கா

பட்டியல் நன்றாக இருக்கிறது. குளத்துக்கு மட்டும் 5 கிராமோடு 3 கிராமையும் ஒரு பாக்கெட் சேர்த்துக்கொள்ளுங்கள், தண்ணீர் இடுப்பளவுக்குக் கீழே வந்துவிட்டால் 5 கிராம் சேற்றில் போய்ப் புதையும். அனுமதிக்கு, பவானிசாகர், ஆழியார், அமராவதி, திருமூர்த்தி நீர்த்தேக்கங்களில் மீன்பிடிப்பு தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகத்தின் பொறுப்பில் நடக்கிறது. அணைக்கட்டில் இருக்கிற அவர்கள் அலுவலகத்திலேயே நேரில் கேளுங்கள். காட்டை ஒட்டிய கரைக்கு வனத்துறை விடமாட்டார்கள், அந்தப் பக்கம் யானை தண்ணீருக்கு இறங்குகிற இடம், கேட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள், போகவும் வேண்டாம்.

டெக்சாஸ்_கோபிக்காரன்

பட்டியலில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது தம்பி. பிரெய்டை நேராக ஜிக்கில் கட்டாதீர்கள். விரால் பல்லும் அணைக்கட்டுப் பாறையும் பிரெய்டை நொடியில் அறுக்கும், பாறையில் உரசினால் பிரெய்டு தாங்கவே தாங்காது. பிரெய்டுக்கும் ஜிக்குக்கும் நடுவில் 2 அடி ஃப்ளோரோகார்பன் நரம்பு கட்ட வேண்டும், அதைத்தான் லீடர் என்பது, 25 பவுண்டில் ஒரு சுருள் வாங்கிக்கொள்ளுங்கள். அப்படியே முள் தீட்ட ஒரு பொடி அரமோ கல்லோ.

புஞ்சைத்தூண்டில்

லீடர் சேர்த்துவிட்டேன்ங்க. முள்ளை அரத்தில் எந்தப் பக்கமாகத் தேய்ப்பது? வளைவிலிருந்து முனைக்கா, முனையிலிருந்து வளைவுக்கா?

கூடுதுறை

முனையிலிருந்து வளைவுப் பக்கமாக, ஒரே திசையில், லேசாக. முனைப்பக்கம் தள்ளித் தேய்த்தால் நுனியில் பிசிறு நிற்கும். இரண்டு பக்கமும், வெளிப்புறமும் மூன்று நான்கு இழுப்பு, நகத்தில் வைத்துப் பாருங்கள், நின்றால் நிறுத்திவிடுங்கள். பார்ப் இருக்கிற உள்பக்கம் கை வைக்க வேண்டாம். அப்படியும் நிற்காத முள்ளைத் தூக்கிக் குப்பையில் போடும்போது தாளில் சுற்றிப் போடுங்கள், குப்பை அள்ளுகிறவர்கள் கையில் ஏறிவிடும்.